இரண்டு ராகு காலங்களுக்கு நடுவே ஒரு படகு

குவாதலூப் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. ஆனால் அங்கே யார் யார் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரியில் அப்படித்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷன் வாங்கும் குடும்பத்தை சொல்தா வீடு என்போம். எண்பதுகளின் தொடக்கத்தில் என் தங்கையை அப்படி ஒரு சொல்தா வீட்டுப் பையனுக்குத்தான் கட்டிக் கொடுத்தோம். பாரீசில் வேலை என்று சொல்லித்தான் பெண் கேட்டார்கள். கல்யாணமாகி ஆறாம் மாதம் அவனைத் தூக்கி மரி-கலாந்த் என்ற தீவின் தபால் ஆபீசில் போட்டுவிட்டார்கள்.

"பாரீஸ்லேர்ந்து அது எத்தினி ஸ்டாப்பிங்?" என்று அம்மா கேட்டாள்.

பாரீசிலிருந்து எட்டு ஒன்பது மணி நேரம் விமானம், இறங்கிய இடத்திலிருந்து கப்பல் என்றேன். "கப்பலா?" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள்.

குவாதலூப் என்பது ஒரு ஊர் இல்லை, கூட்டமாக இருக்கும் தீவுகள் என்று தங்கை எழுதிய கடிதங்களில் இருந்துதான் எங்களுக்குத் தெரிந்தது. பெரிய தீவு ஒன்று. சுற்றி மரி-கலாந்த், தெசிராத், சேந்த் என்று சின்னச் சின்னத் தீவுகள். அங்கே எதற்கெடுத்தாலும் படகு. பல் பிடுங்கப் படகு, புடவைக்கு ஃபால்ஸ் வாங்கப் படகு, மிளகாய்த்தூள் வாங்கப் படகு. நாம் விழுப்புரத்துக்கு பஸ் ஏறுகிற மாதிரி ஜனங்கள் கோழியும் குழந்தையுமாக ஏறுகிறார்களாம். ஏறும்போதே ஆளுக்கொரு காகிதப்பை கொடுப்பார்களாம், வாந்தி எடுக்க. "பாதி வழியில எல்லாரும் ஒண்ணா எடுப்பாங்கக்கா, கோயில் பஜனை மாதிரி" என்று எழுதியிருந்தாள். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை நான் விட்டிருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்குமா?

அடுத்த கடிதம் தங்கை உண்டாகியிருப்பதைச் சொன்னது. அதற்கடுத்தது, டாக்டர் விமானத்தில் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னது.

எங்கள் வீட்டில் அன்று அடுப்பு மூட்டவில்லை என்றே சொல்லலாம். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அது மாறாது. என் பெரியம்மா பெண்ணுக்கு ஏழாம் மாதம் வெள்ளம் வந்து ரோடே போனபோதுகூட மாட்டு வண்டியில் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அம்மா அரை நாள் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, "அவ தாய் வீட்டுக்கு வர முடியலன்னா போவுது. தாய் போறேன்" என்றாள்.

"கப்பல்ல ஏறணும்" என்றார் அப்பா. அவர் மில்லில் நெசவுப் பகுதியில் இருந்தார். தறிச் சத்தத்தில் வாழ்ந்து வாழ்ந்து, எதையும் நாலே வார்த்தையில் முடித்துவிடுவார்.

"ஏறுறேன்."

ஏறுறேனாமே! கடல் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அம்மா ஐம்பது வருஷத்தில் அதில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. மாசிமகத்துக்குப் போனாலும் கரையிலேயே நின்று என்னை ஒரு சொம்பு தண்ணீர் மொண்டுவரச் சொல்லித் தலையில் தெளித்துக்கொள்வாள்.

அப்பாதான் பழகிப் பார்க்கலாம் என்றார். மில்லில் அவரோடு வேலை செய்த ஒருவருடைய மச்சான் குருசுக்குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கட்டுமரத்தின் நடுவில் உட்கார்ந்தாள். குப்பமே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. "யக்கா, கண்ண மூடாத. தூரத்துல பாரு. கிட்ட பாத்தாதான் தல சுத்தும்" என்றார் மச்சான். அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். முதல் அலை வந்து மரத்தைத் தூக்கியதும், "எறக்கி வுடுடா கட்டையில போறவனே!" என்று போட்டாள் ஒரு சத்தம். கரையிலிருந்து இருபது அடிகூடப் போயிருக்க மாட்டார்கள். சொட்டச் சொட்ட நனைந்து வந்து, மணலில் நின்றபடி வாந்தி எடுத்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது, "பழக்கம் வந்துடுச்சி" என்றாள்.

துணைக்கு நான். ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை, கல்யாணம் ஆகவில்லை, பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவள். அந்த பிரெஞ்சு எப்படிப்பட்டதென்றால், வினைச்சொல் அட்டவணை முழுக்க ஒப்பிப்பேன், டீ வாங்கத் தெரியாது. டிக்கெட்டைத் தங்கை புருஷன் அனுப்பிவிட்டான். அம்மா ஒரு தகரப் பெட்டி நிறைய சுக்கு, பூண்டு, வசம்பு, பெருங்காயம், அப்பாவின் நைந்த வேட்டிகள், அவளே கிளறிய பிரசவ லேகியம் ஒரு பெரிய ஜாடி, எல்லாவற்றையும் அடைத்தாள். மேலே நாள் கிழிக்கும் காலண்டர். "அங்க நல்ல நேரம் பாக்க வேணாமா?" என்றாள். கையில் அப்பாவின் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டாள். எந்த ஊருக்குப் போனாலும் அதன் முள்ளைத் திருப்பி வைக்கக்கூடாது என்று என்னிடம் சொல்லிவிட்டாள். வீட்டில் இப்போது என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரிய வேண்டுமாம்.

பாரீசில்தான் நான் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைச் செய்தேன்.

சனிக்கிழமை காலை, பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் குவாதலூப் விமானம். வரிசையில் நிற்கும்போது அம்மா காலண்டர் தாளை எடுத்துப் பார்த்தாள். சனிக்கிழமை ஒன்பது முதல் பத்தரை ராகு காலம். அவ்வளவுதான், நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். "பொண்ணுக்குத் தலப்பிரசவம். ராகு காலத்துல நான் காலெடுத்து வைக்க மாட்டேன். அடுத்த வண்டியில போலாம்."

அடுத்த வண்டியாம்! எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விமானக் கம்பெனிப் பெண் எங்களைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டுகிறாள். அப்போது அம்மாவின் கடிகாரம் கண்ணில் பட்டது.

"அம்மா, இந்தக் காலண்டர எங்க அடிச்சாங்க?"

"நம்ம ஊர்லதான்."

"அப்ப அதுல போட்டிருக்கறது எந்த ஊரு நேரம்?"

அம்மா தாளைப் புரட்டிப் பார்த்தாள். நானே பதிலும் சொன்னேன்.

"நம்ம ஊரு நேரம். உங் கடிகாரத்துல மணி என்ன?"

"ஒண்ணே கால்."

"அங்க ஒண்ணே கால்னா ராகு காலம் எப்பவோ போயிடுச்சி. ராகு என்ன ஊருக்கு ஊரு தனித்தனியாவா சுத்துறாரு?"

அம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். துள்ளி எழுந்தாள். "அய்யய்யோ, ஒண்ணரைக்கு எமகண்டம்டி! கெளம்பு, கெளம்பு!" என்று எனக்கு முன்னால் ஓடினாள். வரிசையில் நின்ற ஒரு பெரிய மனிதரை முழங்கையால் ஒதுக்கிவிட்டு ஏறினாள். விமானம் முழுக்க என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு வந்தேன்.

பெரிய தீவில் இறங்கினால் மத்தியானம். மரி-கலாந்துக்கு இரண்டு மணிக்கு ஒரு படகு. சுங்கத்துக்காரர் தகரப் பெட்டியைத் திறந்தார். பெருங்காய வாசனை வந்ததும் இரண்டடி பின்னால் போய் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் வந்து மூன்றாமவரைக் கூப்பிட்டார். லேகியம் என்ன என்று கேட்டார்கள். பிள்ளை பெற்றவர்கள் சாப்பிடும் ஜாம் என்றேன். அதற்குமேல் எனக்கு வார்த்தை இல்லை. மூன்றாமவர் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து அம்மா, "கொஞ்சம் காரம். வயித்துக்கு நல்லது" என்று தமிழிலேயே சொன்னாள். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, பெட்டியை மூடிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதற்குள் மணி இரண்டரை.

எங்களை அழைத்துப் போக, தங்கை புருஷன் சொல்லி, ஒரு அம்மாள் வந்திருந்தார். நம்ம புதுச்சேரி ரெட்டியார்பாளையத்துக்காரர். புருஷனுக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலை. அப்போது அவர் லீவில் ஊருக்குப் போயிருந்தார். இந்த அம்மாள் பன்னிரண்டு வருஷமாக அங்கேயே இருந்தவர். நெற்றியில் ரூபாய் அளவு பொட்டு, புடவையை வரிந்து கட்டி, ஒரு சின்ன ரெனோ காரை அவரே ஓட்டினார். திரும்பும் இடத்தில் எல்லாம் எதிரே வருகிறவனைத் தமிழில் திட்டினார். அம்மாவுக்கு அவரைப் பார்த்த நிமிஷமே பிடித்துவிட்டது. "கவலப்படாதீங்க. காலைல எட்டு மணி படகு. பத்து மணிக்கெல்லாம் பொண்ணுகூட இருப்பீங்க. டாக்டரு இன்னும் ஒரு வாரம் இருக்குன்னு சொல்லியிருக்காரு" என்றார்.

இரவு அவர் வீட்டில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ஏழரைக்கே துறைக்குப் போய்விட்டோம். படகு என்றால் நான் நினைத்தது போல ஓடம் இல்லை, இரண்டு மாடி வெள்ளைக் கப்பல். கூட்டம், கூடை, மூட்டை, ஒரு ஆட்டுக்குட்டி. அம்மா பெட்டிமேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தாள். காலண்டர் தாளை எடுத்தாள்.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. நாலரையிலேர்ந்து ஆறு ராகு காலம்."

"அது சாயந்தரம்மா."

"இப்ப மணி அஞ்சு பத்து. சாயந்தரம்." கடிகாரத்தை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

ரெட்டியார்பாளையத்தம்மாள் குறுக்கே வந்தார். "என்னங்க நீங்க? இங்க சூரியன் இப்பதான் மேல வருது. நானும் அதே காலண்டருதான் தருவிச்சிக்கறேன், பன்னெண்டு வருஷமா இந்த ஊரு நேரத்துக்குத்தான் பாக்கறேன். ராகு காலம் சாயந்தரம் நாலரைக்கு. இப்ப தாராளமா ஏறலாம்."

"எம் பொண்ணு படிச்சவ. அவதான் சொன்னா, காலண்டர் அடிச்ச ஊரு நேரம்தான் கணக்குன்னு."

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மா, நேத்து உன்ன ஏத்தறதுக்காக சும்மா சொன்னேம்மா."

"நேத்து ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணா? அப்ப நேத்து என்ன ராகு காலத்துலயா ஏத்தின?"

ஆமாம் என்றால் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுவாள். இல்லை என்றால் படகு போய்விடும். நான் "இல்ல" என்றேன். வேறு என்ன சொல்ல? "அப்ப ஆறு ஆவட்டும். இன்னும் அம்பது நிமிஷம்தான். கப்பல் என்ன கரெக்டாவா எடுத்துடுவான்?" என்றாள் அம்மா. எங்கள் ஊர் பஸ்ஸை நினைத்துச் சொன்னாள். அந்தப் பாவிகள் எட்டு அடித்ததும் சங்கை ஊதினார்கள். கயிற்றை அவிழ்த்தார்கள். ஆட்டுக்குட்டி ஏறிவிட்டது, நாங்கள் ஏறவில்லை.

அடுத்த படகு மாலை ஐந்து மணிக்கு. "அது எங்க ராகு காலம்" என்றார் ரெட்டியார்பாளையத்தம்மாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "ஞாயித்துக்கெழம உங்க ரெண்டு பேரையும் இந்தத் தீவவிட்டு வெளிய அனுப்ப முடியாது போலருக்கே." நானும் சிரித்துவிட்டேன். ஒரு வாரம் இருக்கிறதே என்ற தைரியம்.

அவர் வீட்டுக்குள் நுழையும்போது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது. தங்கை புருஷன். விடியற்காலையிலிருந்தே வலியாம். ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டானாம். "எட்டு மணி படகுல வராங்கன்னு சொல்லி வச்சிருக்கேன். துறைக்குப் போறேன் கூட்டிட்டு வர. அம்மா எங்க, அம்மா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்கா" என்றான். நாங்கள் இங்கே இருக்கிறோம் என்று நான்தான் சொன்னேன்.

அம்மாவிடம் சொன்னேன். அவள் அழவில்லை. காலண்டரைப் பார்க்கவில்லை. ரெட்டியார்பாளையத்தம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "எது கெடைக்குதோ அதுல ஏத்தி வுடும்மா. மரக்கட்டையா இருந்தாலும் பரவால்ல."

அந்த அம்மாளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. தெசிராத் தீவில் அன்று மாதா கோயில் திருவிழா. கிழக்குக் கோடித் துறையிலிருந்து விசேஷப் படகு விட்டிருக்கிறார்கள். அது தெசிராத் போய், அங்கிருந்து மரி-கலாந்த் போகும். காரில் ஏறினோம். கரும்புக் காட்டுக்கு நடுவே அவர் ஓட்டிய ஓட்டம் இன்றைக்கும் மறக்கவில்லை. திட்டக்கூட நேரமில்லாமல் ஹாரனிலேயே கையை வைத்திருந்தார்.

படகில் கடைசியாக ஏறியவர்கள் நாங்கள்தான். உள்ளே ஒரே மேளம், பாட்டு, ரம் வாசனை. பெண்கள் எல்லாரும் தலையில் கட்டம் போட்ட துணி கட்டியிருந்தார்கள். வேறு நாளாக இருந்தால் அம்மா, "நம்ம லுங்கியத் தலையில கட்டிக்கிட்டு நிக்கறாளுவ பாரு" என்று என்னை இடித்துச் சிரித்திருப்பாள். அன்று அந்தப் பக்கமே திரும்பவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்து தூரத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கொந்தளிக்கும் என்று தங்கை பக்கம் பக்கமாக எழுதிய கடல் அன்று ஏரி மாதிரி கிடந்தது. காகிதப்பையை யாரும் தொடவில்லை, என்னைத் தவிர. நான் இரண்டு பை நிரப்பினேன். முன்பின் தெரியாத ஒரு கட்டத்துணிக்காரி என் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

தெசிராத்தில் நிறுத்தினார்கள். மேளக்காரர்கள் இறங்கினார்கள், பாட்டி, பேரன், கூடை, மேசை, நாற்காலி எல்லாம் இறங்கின. மாதா படத்தைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடி இறங்கினார்கள். கப்பல்காரனிடம் போய் என் பிரெஞ்சில் கெஞ்சினேன். தங்கை, பிள்ளை, இன்றைக்கு, இப்போது. அவன் தோளைக் குலுக்கினான். ஆனால் கீழே போய்ச் சத்தம் போட்டு மேசையை இறக்க இரண்டு ஆள் கூட விட்டான். பாவம், நல்லவன்.

மறுபடி கிளம்பியதும் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "என்னாலதாம்மா எல்லாம். பாரீஸ்ல நான் அப்படிச் சொல்லாம இருந்திருந்தா நீ இன்னிக்கி எட்டு மணிக்கு ஏறியிருப்ப" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மா கடலைப் பார்த்தபடியே, "ஊருக்குப் போயி வச்சிக்கறேன் உன்ன" என்றாள்.

எனக்குத் தெரியும், வைத்துக்கொள்வாள். என் தப்பு ஒன்றைக்கூட அம்மா மறந்ததில்லை, யாரிடமும் மறைத்ததுமில்லை. ஒன்பதாவதில் கணக்கில் நான் பெயிலானதைப் பால்காரர்வரை சொன்னவள். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "கோவம் வந்தா தட்ட வீசிடுவா" என்று சொன்னவள். தங்கையின் எதிரில் நின்று என்னென்ன சொல்லப்போகிறாளோ என்று நினைத்துக்கொண்டே கரை வந்து சேர்ந்தேன்.

துறையில் தங்கை புருஷன் நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பெண் குழந்தை. அரை மணி நேரம் ஆகிறது. இருவரும் நன்றாக இருக்கிறார்கள். அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு மெதுவாக, "தனியாவா பெத்தா?" என்றாள். தன்னை உள்ளே விடவில்லை என்று அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

ஆஸ்பத்திரி கடலோரத்திலேயே இருந்தது. தங்கை சன்னலோரக் கட்டிலில் படுத்திருந்தாள். குழந்தை பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எட்டு மணி படகுக்கு வரேன்னீங்க" என்றாள் சுவரைப் பார்த்து. "சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே இருந்தேன். படகு வந்திச்சி. எல்லாரும் எறங்கினாங்க. நீ எறங்கல. ஏம்மா வரல?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தகரப் பெட்டியைக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றேன். சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும், எனக்கு அது வேண்டும் என்றுதான் நின்றேன்.

"கடல் சரியில்லடி" என்றாள் அம்மா. "ஒரே அலை. எங்கள ஏத்த மாட்டேன்னுட்டான்."

தங்கை மெல்லத் திரும்பினாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கடல் அப்படியே கிடந்தது. கரையோரம் நாலு கடல்பறவைகள் மிதந்துகொண்டிருந்தன. பிறகு அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னை. நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பெட்டியைப் பார்த்தேன்.

"ஆமாம்மா" என்றாள் தங்கை. "நானும் பாத்தேன். காலைலேர்ந்து ஒரே அலை."

குழந்தையை நெஞ்சோடு சேர்த்து எடுத்துக்கொண்டு, சுவர்ப்பக்கம் நகர்ந்து, அம்மா உட்கார இடம் விட்டாள்.